கனிஷாய் வகுப்பில்தான் இருந்தார்

அனுப்புநர்:
துமார் அசனோவா,
தாய்சேய் நலப் பயிற்றுநர், இணையவழிப் பிரிவு,
செவிலியர் பயிற்சிக் கல்லூரி,
தாஷ்கெச்சூ, கிர்கிஸ்தான்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தொலைநிலைப் பயிற்சித் துறை.

பொருள்: மாணவி கனிஷாய் சகினாலியெவாவை வருகைக் குறைவு காரணமாக நீக்கும் ஆணையை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

ஒரே வாரத்தில் இது என் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் "பெறப்பட்டது" என்று மட்டும் பதில் வந்தது. வரும் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நீக்கப் பட்டியல் முடிவாகிறது. நீக்கப்பட்டவர் மறுபடி சேர வழியில்லை. இன்று செவ்வாய். ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

1. கோடையில் எங்கள் மாணவிகளில் பாதிப்பேர் குடும்பத்தோடு மேய்ச்சல் மலைக்குப் போய்விடுகிறார்கள் என்பது தாங்கள் அறிந்ததே. இரண்டு மணிக்கொருமுறை குதிரைப்பால் கறந்தாக வேண்டும். அதற்கு என் பாடவேளை தெரியாது. சென்ற ஆண்டு கைப்பேசியைப் பால்சாடியில் சாய்த்துவைத்துவிட்டு எல்லோரும் எழுந்து போக, பிரசவ வலியின் மூன்று நிலைகளையும் நான் வெறும் கூடாரச் சுவருக்கு நடத்தினேன். ஒரு நாள் முழுப் பாடத்தையும் ஓர் ஆட்டுக்குட்டி உட்கார்ந்து கேட்டது.

2. அதைத் தடுக்க ஒரு விதி வந்தது. பாடத்தின் நடுவே எந்த நேரத்திலும் மாணவியின் பெயர் திரையில் தோன்றும். பத்து விநாடிக்குள் அவர் தம் முழுப் பெயரைத் தம் குரலில் சொல்ல வேண்டும். குரலறியும் கருவி ஒன்று அதைக் கேட்டு வருகையைப் பதியும். சொல்லாவிட்டால் அன்று வராதவர். பதினைந்து முறை அப்படியானால் நீக்கம். இந்த விதியை எழுதிக்கொடுத்தது நான்தான், ஐயா. கூட்டத்தில் கைதட்டல்கூட வாங்கினேன்.

3. கனிஷாய்க்கு இந்த வசந்தத்தில் திருமணம் நடந்தது. புதிய கடவுச்சீட்டில் கணவர் வீட்டுக் குடும்பப்பெயர் ஏறியது. கல்லூரிப் பதிவேடு அதை அப்படியே எடுத்துக்கொண்டது. அந்தக் குடும்பப்பெயர் அவருடைய மாமனார் சகினாலியின் பெயரிலிருந்து வந்தது. மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்வதில்லை. தாங்களும் ஒரு மருமகள் இருக்கும் வீட்டில்தான் வாழ்கிறீர்கள். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

4. விளங்காமல் போனது எனக்குத்தான். நானும் ஒரு வீட்டு மருமகள். பதினாறு வருடமாக என் மாமனார் பெயரை நான் உச்சரித்ததில்லை. ஆனால் வேலைக்காகத் தகப்பனார் குடும்பப்பெயரையே வைத்துக்கொண்டவள். என் வகுப்பில் திருமணமான மற்ற ஆறு பேரும் அப்படியே. அதனால் விதி எழுதும்போது இது என் மண்டையில் உறைக்கவில்லை.

5. பதினேழு முறை அவர் பெயர் திரையில் வந்தது. பதினேழு முறையும் தலைமுக்காட்டோடு நேரே என்னைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார். கடைசி முறை நாற்பது பேர் முன்னிலையில் நான் கத்தினேன்: "உனக்கு வாய் இல்லையா? குதிரைகூட பேரைச் சொன்னா காதைத் திருப்பும்!" எல்லோரும் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

6. ஆகஸ்ட் 5ஆம் தேதி சகினாலி அவர்களே கல்லூரிக்கு வந்தார். நான்கு மணி நேரம் குதிரையில் வந்து, மேசைமேல் ஒரு பாட்டில் புளித்த குதிரைப்பாலை வைத்துவிட்டு, உட்காரக்கூட மறுத்துச் சொன்னார்: "என் பேரால அந்தப் பொண்ணு படிப்பு போகுதாமே, டீச்சரம்மா. ஒண்ணு அந்தப் பேரை மாத்துங்க, இல்ல என்னை மாத்துங்க. பாடம் நடக்குறப்பல்லாம் நான் குதிரையை எடுத்துக்கிட்டு மலைக்கு அந்தப் பக்கம் போயிடறேன், என் காதுல விழக்கூடாதுன்னு. மழையிலயும் போனேன். அப்பவும் அவளுக்கு வாய் வரல. வேணும்னா நானே வந்து கத்துறேன், என் பேரு எனக்குத் தெரியும்." நாங்கள் முயன்று பார்த்தோம். ஆண்குரல் என்று கருவி தள்ளிவிட்டது.

7. அவர் போன பிறகு, வகுப்பு நடக்கும்போதே மாணவிகள் தட்டச்சில் செய்தி போடும் எழுத்துப்பெட்டியைத் திறந்தேன். மாணவிகள் குதிரைக்குட்டிப் படங்களைப் போட்டு விளையாடுகிறார்கள் என்று ஜூன் முதல் நான் பார்க்காமல் மூடிவைத்திருந்த பெட்டி அது. பதினேழு அழைப்புக்கும் பத்து விநாடிக்குள் அவர் தம் முழுப் பெயரைத் தட்டச்சு செய்திருக்கிறார். நான் கத்திய அன்று அதன் கீழே ஒரு வரி கூடுதல்: "டீச்சரம்மா, நான் இங்கதான் இருக்கேன்." அந்தப் பக்கங்கள் அனைத்தையும் இணைத்திருக்கிறேன்.

8. வாராந்தரத் தேர்வுகளில் வகுப்பிலேயே முதல் இடம் அவருக்குத்தான். அந்த மலையில் பதினான்கு கூடாரங்கள், மூன்று கர்ப்பிணிகள், ஒரு மருத்துவச்சியும் இல்லை. இலையுதிர் காலத்தில் கனிஷாய் தேறுவார் என்று அவர்கள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் நான் என்ன சொல்வது, ஐயா?

என் கடவுச்சொல்லால் வருகையைத் திருத்த முடியவில்லை, தங்களுடையதால் முடியும். அந்தப் பதினேழு நாட்களையும் வருகையாக்கித் தருமாறு கெஞ்சிக் கேட்கிறேன். பெயருக்குப் பதிலாகப் பாடத்தில் ஒரு கேள்வி கேட்கும்படி விதியையும் மாற்றுங்கள். அவர் மணிமணியாகப் பதில் சொல்வார். யாரையாவது நீக்கியே ஆக வேண்டுமென்றால், விதி எழுதியவளின் பெயரைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவேளை விசாரணைக்காக அவரை நேரில் அழைப்பீர்களானால், வழக்கப்படி முதலில் பெயரைக் கேட்பீர்கள். அவர் தலைகுனிந்து பேசாமல் நிற்பார். தயவுசெய்து அன்றும் அவர் வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பதிலை எதிர்பார்த்து அலுவலக வாசலிலேயே காத்திருக்கும்,
(ஒப்பம்) துமார் அசனோவா

இடம்: தாஷ்கெச்சூ
நாள்: 13.08.2024

இணைப்பு: எழுத்துப்பெட்டிப் பக்கங்கள் – 17