சேவியர் மணிக்கட்டில் சீல் கருவி

நவம்பர் 3, திங்கள்

காலையில் நல்ல வெயில். நாலு மணிக்கு இடி, மழை. தம்பானூரில் வழக்கம்போல் கணுக்காலுக்கு மேல் தண்ணீர். குடை அலுவலகத்தில், நான் பஸ் நிலையத்தில்.

ஞாயிறு மலருக்குக் காயத்ரி பற்றிய கட்டுரை. (இனி கா.) வயது முப்பத்து நான்கு. கிழக்கேகோட்டை அக்ரகாரத் தெரு. இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. அண்டார்டிகாவில் சீல்கள் எவ்வளவு ஆழம் முங்குகின்றன, கீழே போய் எப்படி இரை பிடிக்கின்றன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மூன்று மணி நேரம் பேசினாள். குறிப்பு பதினொரு பக்கம். அதில் தேறியவை:

- வெடல் சீல் என்று ஓர் இனம். பனித்தரையில் ஒரு துளை, அதுதான் அதன் மூச்சு வாசல். முங்கினால் அரைக் கிலோமீட்டருக்கு மேலும் போகும். ஒரு மணி நேரம்கூட மூச்சடக்கும்.
- கீழே இருட்டு. அது தின்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆளில்லை. காமிரா வைக்கலாம், பேட்டரி தாங்காது.
- எனவே தலை முடியில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. ஆழத்தைக் குறிக்கும். மீன்மேல் பாயும்போது தலை வெடுக்கென்று அசையுமே, அந்த வெடுக்கையும் எண்ணும்.
- "வயித்தைக் கிழிச்சுப் பாக்க வேண்டாம் சார், தலை ஆட்டறதைப் பாத்தாப் போறும்." நல்ல வரி. கட்டுரையில் சேர்க்க.

சிக்கல். கருவி அவள் குழுவே செய்தது. உயிருள்ள உடம்பில் கட்டிக் கடலில் இன்னும் சோதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை தேர்வுக் குழுவோடு வீடியோ கூட்டம். இது வெடுக்கைச் சரியாக எண்ணுகிறது என்று நிரூபித்தால் மாதக் கடைசியில் கிளம்பும் கப்பலில் இடம். இல்லையென்றால் இல்லை. அடுத்த வருஷம் அவளுக்கு வேலை ஒப்பந்தமே இருக்குமா தெரியாது.

"கேரளத்தில் சீலுக்கு எங்கே போவது?"

"விழிஞ்ஞத்துல ஒருத்தரைப் பிடிச்சு வெச்சிருக்கேன். சிப்பி முங்கறவர். நாளைக்குக் கார்த்தால ஆறு மணிக்கு வர்றேளா? எண்றதுக்கு ஆள் வேணும். லேப்ல எல்லாரும் கருவி பண்ணினவா. அவா எண்ணினா கமிட்டி ஒத்துக்காது."

முப்பது வருஷமாக நிருபராகப் பொதுக்கூட்டத்தில் தலை எண்ணுகிறவன். ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் பெருமையும்.

நவம்பர் 4, செவ்வாய்

கடல் அமைதி. வானம் வெளுப்பு. படகில் ஏறும்போது செருப்பு ஒன்று தண்ணீரில் போய்த் திரும்பக் கிடைத்தது.

நம் சீலின் பெயர் சேவியர். நாற்பத்தொரு வயது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர், கல்யாணம் செய்து விழிஞ்ஞத்தில் தங்கியவர். காற்று உருளை, குழாய் எதுவும் கிடையாது. கண்ணாடி, கையுறை, இடுப்பில் வலைப்பை. மூச்சடக்கி இறங்கிப் பாறையில் ஒட்டிய சிப்பியைக் கையால் பிடுங்குவது தொழில். சீலுக்கு வாய், சேவியருக்குக் கை. அதனால் கருவி வலது மணிக்கட்டில். ஒவ்வொரு சிப்பிக்கும் ஒரு வெடுக். துடுப்புக்கு அவர் மச்சினன், வாய் திறக்காத மனிதர்.

கா. பையிலிருந்து பசைக் குழாய் வெளியே விழுந்தது.

"ஒட்டவா போறீங்க டீச்சரே? எனக்க தோலு போயிருமே!"

"ஒங்களுக்கு ரப்பர் பட்டைதான். பசை சீலுக்கு."

"அதுக்குத் தோலு போவாதா?"

"முடியிலதான் ஒட்டுவோம். முடி கொட்டற சீசன்ல கருவியும் சேந்து விழுந்துடும்."

"எனக்கு அந்த சீசன் முடிஞ்சு பத்து வருசம் ஆச்சு." தலையைத் தடவிக்கொண்டே குதித்துவிட்டார்.

பத்து முங்கல். எதுவும் ஒன்றரை நிமிடம் தாண்டவில்லை. மேலே வந்ததும் பையைப் பலகையில் கொட்டச் சொல்லி எண்ணினேன், ஐந்தைந்தாகக் கோடு போட்டு. மொத்தம் 64. கரைக்கு வந்து மறுபடி எண்ணினேன். 64.

பதினோரு மணிக்கு டீக்கடை பெஞ்சில் லேப்டாப். கருவி சொன்னது 91.

கா. மூன்று தடவை பார்த்தாள். டீ ஆறியது. சேவியர்தான் பேசினார்: "மெசினுக்கு என்னைப் பிடிச்சுப் போச்சு. கூட்டிச் சொல்லுது."

அவள் சிரிக்கவில்லை. பஸ்ஸிலும் லேப்டாப் மடியில். கோட்டையில் இறங்கும்போது, "மூணு நாள்தான் இருக்கு."

நவம்பர் 5, புதன்

விடிகாலையிலிருந்தே தூறல். பல் தேய்க்கும்போது ஆசிரியர் போன். "கடல் நாய்னு போட்டுடலாமா? சீல்னா யாருக்குப் புரியும்?"

"நாய்க்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

"கடல் சிங்கம்?"

"அது வேற பிராணி. அதுக்குக் காது மடல் வெளியே தெரியும்."

"காதை யாருய்யா பாக்கப் போறான்?"

சீல் என்றே இருக்கட்டும் என்று முடிவு. முதல் வரியில் விளக்கம்.

பத்தரைக்கு கா. குரலில் உற்சாகம், அடியில் வேறு ஏதோ. எவ்வளவு பலமாக அசைந்தால் 'வெடுக்' என்று எண்ண வேண்டும் என்பதற்குக் கருவியில் ஓர் அளவு உண்டு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தாளாம்.

"ஒரு இடத்துல சரியா அறுபத்திநாலு வர்றது சார்."

"அந்த அளவுதான் சரின்னு எப்படித் தெரியும்?"

"அறுபத்திநாலு வர்றதே."

அவள் பக்கம் குக்கர் விசில். பிறகு அவளே:

"இது விடையைப் பாத்துட்டு கணக்குப் போடற மாதிரி, இல்லையா?"

"நீதான் சொல்லணும் காயத்ரி."

"அதேதான். இதை எடுத்துண்டு போக மாட்டேன்." வைத்துவிட்டாள்.

நல்ல பெண். கப்பல் போய்விடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. கட்டுரை எழுதினேன், கடைசிப் பத்தியைக் காலியாக விட்டு.

வாங்க: பேனா ரீஃபில், பூண்டு, செருப்புக்கு வார்.

நவம்பர் 6, வியாழன்

மழை விட்டது. காலையில் விழிஞ்ஞம். யாரைப் பற்றி எழுதினாலும் அவரைப் பற்றிய பத்தியை அவருக்கே படித்துக் காட்டிவிடுவது என் வழக்கம். இந்த ஊரில் பெயரைத் தப்பாகப் போட்டால் ஏழு வருஷம் கழித்தும் பஸ்ஸில் நிறுத்திக் கேட்பார்கள்.

சேவியர் வாசலில் வலைப்பையைத் தைத்துக்கொண்டிருந்தார். மனைவி ஜெசிந்தா அடுப்பில் சிப்பி அவித்துக்கொண்டிருந்தார். படித்தேன்: "பத்து முங்கலில் அவர் 64 சிப்பிகளைப் பிடுங்கினார்."

ஜெசிந்தா கரண்டியோடு திரும்பினார். "பத்து தடவ இறங்கி அறுபத்திநாலுதான் பிடுங்கினியளா? வெக்கமா இல்லையா?"

"கொண்டு வந்ததுதான் அறுபத்திநாலு. பிடுங்கினது கூட இருக்கும்."

"மீதி எங்கே?" என்றேன்.

"அங்கேயேதான் கிடக்கும் சாரே. பிடுங்கினதும் பெருவிரல வெச்சுப் பாப்பேன். விரல விடப் பொடிசுன்னா பாறை இடுக்குல சொருகிட்டு வந்துருவேன். நாங்க எல்லாரும் அப்படித்தான்."

"பொடிசக் கொண்டு வந்தா நான் சட்டியில ஏத்த மாட்டேன்," என்றார் ஜெசிந்தா. "கழுவுத நேரத்துக்குச் சதை கிடையாது."

எனக்குச் சிரிப்பா, வெட்கமா என்று புரியவில்லை. இரண்டு நாளாகக் கருவியைச் சந்தேகித்தோம். தப்பு என் நோட்டில். பையைக் கொட்டி எண்ணினேனே தவிர, தண்ணீருக்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டம் முடிகிற நேரத்துக்குப் போய், நாற்காலியில் மிச்சமிருப்பவர்களை மட்டும் எண்ணி, வந்தவர்கள் இவ்வளவு என்று செய்தி கொடுத்த மாதிரி.

கா.வுக்குப் போன். பாதி சொல்வதற்குள், "அவரைக் கடல்ல இறங்க விடாதேங்கோ, இதோ வர்றேன்." நாற்பது நிமிடத்தில் ஸ்கூட்டரில், ஹெல்மெட் கழற்றாமலே.

இந்த முறை இடுப்பில் இரண்டு பை. பெரியது பச்சை, பொடிசு நீலம். எதையும் கீழே விடக்கூடாது. கருவி செவ்வாய்க்கிழமை இருந்த அளவிலேயே, கை வைக்கவில்லை. இறங்கும் முன்பே அந்த அளவைத் தாளில் எழுதி, என்னிடம் கையெழுத்தும் நேரமும் வாங்கிக்கொண்டாள். சேவியருக்கு நீலப் பை பிடிக்கவில்லை. "குழந்தைகளைப் பிடிச்சிட்டு வரச் சொல்லுதீங்க. எனக்க வீட்டுக்காரி கண்ணுல படாமப் பாத்துக்கிடுங்க."

எட்டு முங்கல். பச்சையில் 51, நீலத்தில் 22. ஆக 73.

கருவி: 74.

கா. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மச்சினன் முதல்முறையாகப் பேசினார்: "ஒண்ணு எங்க?"

அதுதான் எனக்கும். முங்கல் வாரியாக நோட்டையும் திரையையும் ஒப்பிட்டோம். ஏழு வரிசை ஒத்துப்போனது. ஆறாவதில் என் கணக்கு 9, கருவி 10. சேவியர் கையுறையைக் கழற்றி நடுவிரலைக் காட்டினார். சிவந்து வீங்கியிருந்தது.

"ஞண்டு கடிச்சுது. கைய ஒதறினேன். அதையுமா எழுதி வெச்சிருக்கு? பொல்லாத மெசினு!"

இப்போது சிரித்தாள். படகு ஆடுகிற அளவுக்கு. பொடிசுகளைச் சேவியர் திரும்ப எடுத்துக்கொண்டு இறங்கினார்.

நவம்பர் 7, வெள்ளி

புழுக்கம். அக்குளில் வியர்வை, வேறு சட்டை எடுத்துப் போயிருக்கலாம்.

மூன்று மணிக்குக் கூட்டம், அவள் நிலையத்தில். திரையில் ஐந்து பேர். கா. செவ்வாய்க்கிழமைக் கணக்கையும் சேர்த்தே காட்டினாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். நண்டையும் விடவில்லை.

எண்ணியவரைப் பார்க்க வேண்டும் என்றார்கள். திரை முன் போய் நின்றேன். முதல் நாள் எண்ணிக்கை ஏன் தப்பியது என்று கேட்டார் மூக்குக் கண்ணாடிக்காரர்.

"கருவி தப்பவில்லை. நான் தப்பு செய்தேன். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை."

எழுதிக்கொண்டார். பத்திரிகையில் திருத்தம் போடுவதை விட இது லேசாகத்தான் இருந்தது.

அதன் பிறகு ஒரு அம்மாள், சுருக்கமாக: "சீல் பிடித்த மீனில் எத்தனை வயிற்றுக்குள் போனது என்று உங்கள் கருவி சொல்லுமா?"

ஆம் என்று பதில் வந்தால் நன்றாக இருக்கும் என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது. கா. ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். "சொல்லாது. எத்தனை தடவை பாய்ந்தது என்று மட்டும் சொல்லும். தப்பவிட்டதும் அதில் சேர்த்தி. மீதியைக் கண்டுபிடிக்க இன்னொரு கருவி வேண்டும், அது என்னிடம் இல்லை."

நாளை சொல்கிறோம் என்று திரை அணைந்தது.

வெளியே மாமரத்தடியில்: "கெடுத்துட்டேனா சார்?"

"உண்மையைச் சொன்னாய்."

"அது தெரியும். கெடுத்துட்டேனா?"

எதிர்க் கடையில் பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கிக் கொடுத்தேன். இரண்டு தின்றாள், அவ்வளவு மோசமில்லை.

நவம்பர் 8, சனி

வெயில். துணி துவைத்தேன். போன் சத்தம் கேட்காது என்று குழாயைப் பாதியில் நிறுத்தி நிறுத்தித் துவைத்தேன்.

ஆசிரியர் தலைப்பு அனுப்பினார்: "ஒரு நாளைக்கு எத்தனை மீன் தின்னும் இந்த சீல்?" எத்தனை தின்னும் என்று யாருக்கும் தெரியாது, எத்தனை தடவை பாயும் என்றுதான் தெரியும் என்றேன். "உன்னோட வேலை பாக்கறதுக்கு..." என்று ஆரம்பித்தார். அந்த நேரம் கா. அழைப்பு. ஆசிரியரைப் பாதியில் வெட்டினேன்.

"சார்." மூச்சு வாங்கியது. "நாலு கருவி. கப்பல்ல ஒரு இடம். அந்த அம்மாதான் பேசினா. என்ன தெரியாதுங்கறது தெளிவா இருக்கு, அனுப்பலாம்னு எழுதியிருக்காளாம்."

பின்னால் அவள் அம்மா: "யாருடீ? அங்க குளிக்க வெந்நீர் உண்டான்னு கேளு!"

வாழ்த்துச் சொன்னேனா என்று நினைவில்லை.

"இன்னொண்ணு சார். கடைவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தை. அங்க பல் டாக்டர் கிடையாது, சொத்தைப் பல்லோட கப்பல்ல ஏத்த மாட்டா. புதன்கிழமைக்குள்ள சர்டிபிகேட் வேணும். தெரிஞ்ச டாக்டர் யாராவது?"

தெரிந்தவரைப் பிடித்தேன். நாளை ஞாயிறு என்றாலும் பத்து மணிக்கு வரச் சொன்னார், பிடுங்க வேண்டியிருக்கும் என்றார்.

பிறகு சேவியருக்குப் போன். இடம் கிடைத்ததைச் சொன்னேன். "ஏட்டி, டீச்சர் போறாங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். ஜெசிந்தாவும் ஏதோ கத்தினார். பல் விஷயத்தையும் சொன்னேன்.

"பிடுங்கணுமா? அதுக்கு எதுக்கு சாரே டாக்டரு? இங்க கூட்டிட்டு வாங்க. அந்த மெசினக் கையில கெட்டிக்கிட்டே பிடுங்கித் தாறேன், எழுபத்திநாலோட ஒண்ணு, எழுபத்தஞ்சாச்சு!"