ஞாயிற்றுக்கிழமை ஓடாத ரோலர்

கூட்டாளி,

இன்று நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை. சாப்பாட்டு அறையில் வெளிச்சத்தைக் குறைத்தால் போதும், விளக்கெல்லாம் படபடவென்று துடிக்கிறது. "லைன்லதான் ஏதோ கோளாறு" என்றார் முதலாளி. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் ஞாபகம்தான்.

கந்தப்பளைப் பக்கம் நம் தோட்டத்து மாதா கோயிலுக்கு நான் எல்ஈடி விளக்குப் போட்டுக் கொடுத்த வருடம் அது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய டிம்மர் நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு வீணாக்குவது என்று அதிலேயே இணைத்துவிட்டேன். முதல் பூசையிலேயே வெளிச்சம் நடுங்கியது. கோயில் கமிட்டி எல்லார் முன்னாலும் என்னைப் பிடித்துக் கேட்டபோது, தோட்டத்தில் எல்லாரும் சொல்வதையே நானும் சொன்னேன்: "பெக்டரியில கொழுந்து உருட்டுற ரோலர் ஓடுதுங்க, அதான் கரண்ட இழுக்குது." பெக்டரிக்கு எலக்ட்ரீஷியன் நீ என்று எனக்குத் தெரியாதா? வாய் முந்திக்கொண்டது. கமிட்டி தோட்டத்து மேனேஜர் தொரையிடம் போனது, உனக்கு வார்னிங் கடிதம் வந்தது. இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

நீ சண்டைக்கு வருவாய் என்று பயந்துகொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஏணியோடு வந்தாய். விளக்கு அப்போதும் துடித்துக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு பெக்டரி லீவுடா மடையா. எந்த ரோலர் ஓடுது?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

டிம்மரைக் கழற்றிவிட்டு விளக்குகளை நேரே இணைத்தாய். நடுக்கம் நின்றது. மறுபடி டிம்மரைப் போட்டு, அந்த விளக்குகளோடு ஒரு பழைய குண்டு பல்பையும் மாட்டினாய். வெளிச்சத்தைக் குறைத்தும் எதுவும் துடிக்கவில்லை. "பாத்தியா? இது குண்டு பல்பு காலத்து டிம்மர். நல்லா கரண்டு இழுத்தாத்தான் இது ஒழுங்கா நிக்கும். ஒன் எல்ஈடி கொஞ்சூண்டு இழுக்குது, இது தடுமாறுது. எல்ஈடிக்குன்னு உள்ளத வாங்கிப் போடு."

தொரையிடம் போய் உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"மொதல்ல எங்க சொன்னியோ அங்க சொல்லு" என்றாய். அவ்வளவுதான்.

அதற்கடுத்த ஞாயிறு, புது டிம்மர் மாட்டிய பிறகு, பூசை முடிவில் அறிவிப்பு நேரத்தில் எழுந்து நின்றேன். தப்பு என்னுடையது, பெக்டரியில் ஒரு குறையும் இல்லை என்றேன். இனி ஒருத்தர் என்னை வேலைக்குக் கூப்பிடமாட்டார் என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் கூப்பிட்டார்கள். இன்று நான் சாப்பிடும் சோறு உன்னால்தான்.

நன்றி சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் "போடா, டீய குடி" என்று அடக்கிவிட்டாய். போன மாதம் உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுதான் சொல்ல முடிந்தது. அப்போது உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, தொரை அந்தக் கடிதாசியக் கிழிச்ச அன்னிக்கி, வேல தப்பிச்சுச்சேன்னு நான் அழுதேன். இவரு அதப் பத்திப் பேசவே இல்லீங்க. 'ஊரே பாக்க எந்திரிச்சு நின்னாண்டி என் கூட்டாளி'ன்னு சொல்லிச் சொல்லிச் சந்தோசப்பட்டாரு."

இத்தனை வருடமும், உன்னைத் தலைகுனிய வைத்தவன் என்றே என்னை நினைத்திருந்தேன்டா. நீயோ என்னை வைத்துப் பெருமைப்பட்டிருக்கிறாய். இப்போது எந்த வேலைக்கு ஏணி ஏறினாலும் உன் அந்தப் பெருமை என்னோடு ஏறுகிறது.