உன் கண் உயரத்தில் ஒரு பலகை

இன்று காலை உன் தேங்காய் எண்ணெய்க் குப்பியைத் திறந்தேன். குளிரில் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. உள்ளங்கையில் தேய்த்து உருக்கியதும் நீ உள்ளே வந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் வாசனை போய்விட்டது. ஈஜிபுராவின் இந்த ஒற்றை அறையில் மறுபடியும் நான் மட்டும்.

ஆனால் ஒரு சந்தோஷச் சேதி. இதை எழுதுவது நானேதான்! நீ போன பிறகு அல்சூரில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தேன். 'கழுத்து' என்று எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

கழுத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நீ ரிச்சர்ட்ஸ் டவுன் பியூட்டி பார்லரில் துண்டு துவைத்த காலத்தில், அங்கே காதில் விழுந்ததையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவாய். ஒரு நாள் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாய்.

"என்னங்க, சின்னப் பொண்ணுங்களுக்கே கழுத்துல கோடு விழுதாம். போனைக் குனிஞ்சு குனிஞ்சு பார்க்கிறதால. எனக்கு இருக்கா, பாருங்க."

இருந்தது. இல்லை என்றேன். நீ நம்பவில்லை.

அன்றிலிருந்து மெல்லிய தலையணை. தினமும் எண்ணெயைக் கீழிருந்து தாடை வரை மேல்நோக்கித் தடவுவாய். போனைக் கண்ணுக்கு நேராக வைக்க ஒரு பலகையும் வேண்டுமென்றாய். உன்னைச் சுவரோரம் நிற்கவைத்து, உன் கண் உயரத்தில் குங்குமத்தால் கோடு போட்டு ஆணி அடித்தேன். நீ என் தோளுக்குத்தான் வருவாய்.

"உங்களுக்கும் எட்டற மாதிரி அடிங்களேன்."

"எனக்கெதுக்கு? நீ படி, நான் கேட்கிறேன்."

"சரி, ஒட்டகச்சிவிங்கிக்குப் போன் கிடையாது" என்று சிரித்தாய்.

சாயங்காலங்களில் கோயம்புத்தூரிலிருந்து மகள் அனுப்பும் செய்தியை நீ போலீஸ்காரர் மாதிரி விறைப்பாக நின்று படிப்பாய். நான் அவரைக்காய் உரித்தபடி கேட்பேன். இப்போது நானே படிக்கிறேன். 'சாப்டீங்களா அப்பா?' என்பதை முதன்முதலில் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்துவிட்டு, நீ கேட்டாயா என்று திரும்பிப் பார்த்தேன். உரிக்காத அவரைக்காய்தான் இருந்தது.

நேற்று வீடியோவில் மகள் திட்டினாள். "அப்பா, கழுத்து என்ன இப்படி மடிஞ்சிருக்கு? குனிஞ்சேதான் பார்க்கிறீங்களா? அம்மா இருந்தா விட்டிருப்பாங்களா? அந்தப் பலகையைப் பிடுங்கி மேலே அடிங்க."

அவள் சொன்னது சரி. அதனால்தான் இன்று எண்ணெய் தடவிக்கொண்டு சுத்தியலை எடுத்தேன். ஆணியை அசைத்ததும் சுண்ணாம்பு உதிர்ந்தது. பலகைக்குப் பக்கத்தில் உன் குங்குமக் கோடு தெரிந்தது. இன்னும் கொஞ்சம் அசைத்தால் அதுவும் உதிர்ந்துவிடும். நீ இவ்வளவு உயரம் என்று சொல்ல இந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை.

சுத்தியலைக் கீழே வைத்தேன். பரண் ஏறும் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பலகைக்கு எதிரே உட்கார்ந்தேன். போன் என் கண்ணுக்கு நேராக நின்றது. கழுத்து நிமிர்ந்தது.

'பிடுங்கிட்டீங்களா அப்பா?' என்று மகள் கேட்டிருந்தாள்.

'இல்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்' என்று மெல்ல அடித்து அனுப்பினேன்.

இங்கிருந்து பார்த்தால் சன்னலில் வானம் தெரியவில்லை. எதிர்வீட்டுத் துணிக்கொடியும் அதில் ஒரு சின்னச் சட்டையும்தான் தெரிகின்றன. போன் பார்க்காதபோது நீ இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா? இனி நானும் பார்க்கிறேன், குனியாமல்.