சூடான கையில் ஐஸ் வைக்காதே

கொன்சுவேலோவிலிருந்து

அன்பு மகன் ராதமேஸுக்கு,

போனை எடுத்ததும் நீ "ஆசி குடுங்கப்பா" என்பாய், நானும் கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும் என்பேன். இந்தத் தடவை நீ கேட்கும் முன்பே கொடுத்துவிட்டேன், வாங்கிக்கொள். நானும் உன் அக்கா யூதெல்காவும் நல்லபடியாக இருக்கிறோம், என் முழங்கால்தான் மழை வருவதை வானத்துக்கு முன்பே சொல்லிவிடுகிறது. ஒஹாயோவில் பனி விட்டதா, உன் கல்லூரி பேஸ்பால் அணியில் பந்து எறியும் பிட்சர்கள் சொன்ன பேச்சு கேட்கிறார்களா? நான் சொல்லச் சொல்ல யூதெல்காதான் எழுதுகிறாள். இதைப் போனில் ஆரம்பித்தால் "விடுங்கப்பா, சாப்பிட்டீங்களா" என்று பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

பெரிய புயல் சர்க்கரை ஆலையின் கூரையைப் பிய்த்துக் கரும்பு வயலில் போட்டது, கோயில் மணி ஓடையில் கிடந்தது, யூதெல்கா கல்யாணத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடத்தினோம், எல்லாம் ஒரே வருஷம். அது முடிந்து வந்த ஜனவரியில்தான் நம் அணி இறுதி ஆட்டத்துக்குப் போனது. நீ அமெரிக்காவில் பெரிய லீகில் முதல் வருஷத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாய். மார்ச் வரை பந்தைத் தொடவே கூடாது என்று உன் கிளப் சொல்லி அனுப்பியிருந்தது. கூரை இல்லாமல் கிடந்த ஊருக்கு அது எங்கே புரியும்? மளிகைக்கடை விர்ஹிலியோ டொமினோ ஆடிக்கொண்டே, "என்ன எலூதேரியோ, உன் மவன் கை இப்ப அமெரிக்காக்காரன் சொத்தாமே? நமக்குக் காட்டக்கூட மாட்டானா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் காயை மேசையில் ஓங்கி அடித்து, "ஞாயித்துக்கெழம என் மவன் எறிவான், வந்து வாயைப் பொளந்துகிட்டுப் பாரு" என்றேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிறு காலை சமையலறையில் நீ ஐஸ் வாளியோடு உட்கார்ந்து, "அப்பா, முழங்கைக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி வலிக்குது. ஐஸ் வெச்சுப் பாக்கறேன், கேக்கலன்னா நான் எறியல" என்றாய். நான் வாளியைப் பிடுங்கி வாசலில் கொட்டினேன். சூடான உடம்பில் குளிர்ச்சி பட்டால் முடக்கிவிடும் என்றுதானே நாமெல்லாம் வளர்ந்தோம், உன் அம்மா எர்சிலியா இஸ்திரி போட்ட கையை அன்று முழுக்கத் தண்ணீரில் வைக்கமாட்டாளே. ஆட்டுக்கொழுப்பைக் காய்ச்சி உன் கை சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன். உன் ஞானத்தகப்பன் பொலீபியோ, நம் அணியில் ஒரு காலத்தில் பந்து பிடித்த கேட்சர், கையை அசையாமல் பிடித்துக்கொண்டான். உன் அம்மா கரண்டியோடு நின்று, "வலிக்குதுங்கறான், ரெண்டு பேருக்கும் காதுல விழலியா? கையா அது, கட்டையா?" என்று கத்தினாள். கொஞ்ச நேரத்தில் வலி போயிடுச்சு என்றாய். நான் ஜெயித்துவிட்டது போல அவளைப் பார்த்தேன்.

ஆறு இன்னிங்ஸ் ஒருவனையும் நீ ஓடவிடவில்லை. நான் எழுந்து நின்று ஊருக்கே உன்னைக் காட்டிக்கொண்டிருந்தேன். ஏழாவதில் ஒரு பந்து எங்கோ வலையில் போய் விழுந்தது, நீ முழங்கையை மடியில் அணைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தாய். வலி வந்து உன்னை நிறுத்தியிருக்கும், அதை நான் காலையிலேயே தேய்த்துத் துரத்திவிட்டேன். அப்புறம் அறுவை சிகிச்சை, கை திரும்பியது, வேகம் திரும்பவில்லை. கிளப் உன்னைக் கழற்றிவிட்டது, மெக்சிகோவில் ஆடினாய், பேருந்தில் தூங்கித் தூங்கிச் சின்னச் சின்ன ஊர்களில் ஆடினாய், கடைசியில் எறிவதை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்கப் போனாய். பத்திரிகைக்காரர்கள் கேட்டபோதெல்லாம், யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எறிந்தேன் என்றாய். ஊர் அதைப் பிடித்துக்கொண்டு, கைதட்டலுக்குக் கையை விற்றவன் என்று உனக்குப் பட்டம் கட்டியது. நீ வருவதை நிறுத்தினாய். அம்மாவை அடக்கம் செய்ய வந்து மறுநாளே போனாய். நான் அதே கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன், ராதமேஸ்.

போன மாதம் பொலீபியோ இறந்துவிட்டான். அவனுடைய ஒன்பதாம் நாள் ஜெபம் முடிந்து பந்தலில் இஞ்சித் தேநீர் கொடுத்தபோது பேச்சு உன்னிடம் வந்தது. விர்ஹிலியோ வழக்கம்போல, "பாவம் பொலீபியோ, ஞானமகனுக்கு எல்லாம் சொல்லிக்குடுத்தான், புத்தி மட்டும் மிச்சம் வெச்சுட்டான்" என்றான். நான் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வாக்குக் கொடுத்தது, வாளியைக் கொட்டியது, கொழுப்பைத் தேய்த்தது, எல்லாவற்றையும் நின்றபடி சொன்னேன். விர்ஹிலியோ என்னைப் பார்த்து, "ஏம்ப்பா, இத்தன வருஷமா நாங்க அவனத் திட்டத் திட்ட எதிர்ல உக்காந்து என் கடை காப்பியக் குடிச்சியா?" என்றான். ஆமாம், குடித்தேன். நீ எனக்காக மூடி வைத்ததை உன்னிடம் கேட்காமல் திறந்துவிட்டேன், அதற்கும் நீ கோபப்படலாம். மற்றவர்கள் சொல்லி உன் காதில் விழக்கூடாது என்றுதான் முந்திக்கொண்டேன்.

இப்போது அணிக்காரர்கள் வந்து, அக்டோபரில் முதல் ஆட்டத்துக்கு உன்னை அழைத்து வரச் சொல்கிறார்கள். "ஒரு வார்த்த குடுங்க பெரியவரே, போதும்" என்றார்கள். என் மகன் பேரில் இனி நான் வார்த்தை கொடுக்கமாட்டேன், அவனிடமே கேளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். வந்தால் உன் அறைக் கட்டிலுக்குக் கொசுவலை கட்டியிருக்கிறது. வராவிட்டாலும் கட்டியே இருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு, பனியில் தொப்பி இல்லாமல் நிற்காதே. உனக்கும் உன்னிடம் படிக்கிறவர்களுக்கும் கை நோகாமல் இருக்கட்டும், கன்னி மாதா துணை இருக்கட்டும். அந்தக் கை இன்னும் வலிக்கிறது என்று யூதெல்காவிடம் சொன்னாயாமே. மறக்காமல் ஐஸ் வை. நான்தான் சொல்கிறேன், வை.

அன்று சமையலறையில் வலிக்கிறது என்று நீ சொன்னதைக் கேட்டவர்களில் எர்சிலியா போய்விட்டாள், பொலீபியோ போய்விட்டான். கேட்டும் கேட்காதவன் ஒருவன் மிச்சம் இருக்கிறான்,

உன் அப்பா
எலூதேரியோ