வெட்டக் கூடாத அன்னாசி

பிப்ரவரி 6, 1786. பாத் நகரம்.

காலையில் அத்தையோடு ஊற்று மண்டபத்துக்குப் போய் வழக்கம்போல அந்த வெந்நீரைக் குடித்தேன். அழுகிய முட்டை வாடை. குடித்தால் எல்லா நோயும் தீருமாம். எனக்கு நோயே கிடையாது. ஆனால் இருபத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகாமல் இருப்பது அத்தையின் கணக்கில் ஒரு நோய்தான். அதைத் தீர்க்கத்தான் குளிர்காலம் முழுக்க என்னை இங்கே வைத்திருக்கிறாள்.

நேற்று திருமதி லாஸ்கம்ப் வீட்டில் விருந்து. மேசை நடுவே, வெள்ளித் தட்டின் மேல், ஓர் அன்னாசி! இந்தக் குளிர் நாட்டில் பெரும் பணக்காரர்கள் வீட்டில்தான் அது இருக்கும். எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் ஆட்டிறைச்சி தின்றோம். கடைசியில் பழம் பரிமாறும் நேரம் வந்தது. உலர்ந்த திராட்சை வந்தது, வாதுமை வந்தது. அன்னாசியை யாரும் தொடவே இல்லை. தட்டுகளோடு அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

போய் என்ன செய்வார்கள்? யார் தின்பார்கள்? ருசி எப்படி இருக்கும், பேரிக்காய் மாதிரியா? அத்தையிடம் கேட்டேன். "நல்ல குடும்பத்துப் பொண்ணு இதெல்லாம் கேக்கமாட்டா" என்றாள். அதாவது, அவளுக்கும் தெரியாது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரிந்திருந்தது. லெஃப்டினன்ட் ஜாஸ்பர் கென்யன், கப்பற்படை. போர் முடிந்துவிட்டதால் கப்பல் இல்லை, பாதிச் சம்பளம்தான். வெயிலில் கறுத்த முகம். விருந்துக்கு வரும் ஆண்கள் தலைமுடிக்குப் பூசும் வெள்ளை மாவைப் பூச மறந்துபோய் வந்திருந்தார்.

"மலபார் கரையில இதைத் தெருவோரமா குவிச்சு வச்சிருப்பாங்க, மிஸ் வின்காட். மாடு வந்து தின்னாக்கூட ஒருத்தரும் பெரிசா எடுத்துக்கமாட்டாங்க" என்றார். சுத்தப் புளுகு என்று நினைத்தேன்.

ருசி எப்படி என்று கேட்டேன். "முதல்ல இனிக்கும். அப்புறம் நாக்கை அறுக்கும். அறுத்தாலும் இன்னொரு துண்டுக்குக் கை தானா நீளும்."

எதிரே இருந்த சர் காட்ஃப்ரி ப்ளம்லி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அத்தை மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். சர் காட்ஃப்ரிக்கு ஐம்பது வயது இருக்கும், மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது, டெவன் பக்கம் பெரிய நிலபுலன் என்று பேச்சு. கால் இன்னும் வலிக்கிறது.

பிப்ரவரி 9

ஜெனரல் ஒருவரின் மனைவி வீட்டில் சீட்டாட்டமும் சாப்பாடும். அங்கேயும் அன்னாசி! அதுவும் — எழுதவே கை துறுதுறுக்கிறது — அதே அன்னாசி. கொண்டையில் ஓர் இலை பாதியில் ஒடிந்து தொங்குகிறது. அடிப்பக்கத்தில் பிறை வடிவத்தில் ஒரு வடு. லாஸ்கம்ப் வீட்டில் இரண்டையும் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன்.

விசிறியைத் தவறவிட்டதுபோல் பாவனை செய்து இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன். விசிறியை எடுத்துக் கொடுத்தவர் லெஃப்டினன்ட் கென்யன். "நம்ம நண்பரும் வந்திருக்கார் போலிருக்கே" என்று காதோரம் சொன்னார்.

அவரும் கவனித்திருக்கிறார்! இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் பார்ப்பதை இன்னொருவர் பார்த்தது இதுதான் முதல் தடவை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

பிப்ரவரி 10

ஒருவேளை ஒருவருக்கொருவர் பரிசாகக் கொடுத்துக்கொள்கிறார்களோ? தின்ன மனம் வராமல் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்களோ? லெஃப்டினன்டை ஊற்று மண்டபத்தில் பார்த்தபோது கேட்டேன். "அதுக்குத் தனியா அழைப்பு போகுதுன்னு நினைக்கிறேன். என்னைவிட நிறைய வீட்டுக்குப் போகுதே" என்றார். வெந்நீர் மூக்கில் ஏறிவிட்டது.

பிப்ரவரி 14

நேற்று சர் காட்ஃப்ரியின் விருந்து. லெஃப்டினன்டுக்கு அழைப்பில்லை. அவர் இருந்திருக்க வேண்டும்!

மேசை நடுவே அன்னாசி. ஒடிந்த இலை. பிறை வடு. சர் காட்ஃப்ரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "டெவன்ல குளிர் படாம செடி வளர்க்கிற நம்ம கண்ணாடி வீட்டுல விளைஞ்சது. இன்னிக்குக் காலையிலதான் வந்து சேர்ந்தது" என்றார். சிரிப்பை அடக்க சூப்பை வாயில் ஊற்றினேன், புரையேறிவிட்டது. அவரே எழுந்துவந்து தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர். அதுதான் சங்கடம்.

இன்று காலை அத்தை விஷயத்தை உடைத்தாள். சர் காட்ஃப்ரி என்னைக் கட்டிக்கொள்ள அத்தையிடம் அனுமதி கேட்டிருக்கிறார். "இருபத்தொண்ணாம் தேதி நம்ம வீட்ல விருந்து. அன்னிக்கு உன்கிட்ட கேப்பார். நீ சரின்னு சொல்ற."

"மாட்டேன்னு சொன்னா?"

"உங்க அண்ணன் வீட்டுக்குத் திரும்பிப் போ. அண்ணி பெத்ததுகளுக்கு மூக்கு துடைச்சுக்கிட்டு ஆயுசு முழுக்கக் கிட."

சொன்னதில் தப்பில்லை. அப்பா போனபின் எனக்கு அந்த மூலை அறையை விட்டால் வேறு இடம் கிடையாது. ஆனால் ஒரு பழத்தைப் பற்றிப் பொய் சொல்கிறவர் வேறு எதையெல்லாம் பற்றிச் சொல்வார்?

பிப்ரவரி 16

மர்மம் விளங்கிவிட்டது!

எங்கள் பணிப்பெண் மார்த்தாவைக் கூட்டிக்கொண்டு நாடா வாங்கப் போனேன். ஒரு வீட்டின் பின்வாசலிலிருந்து வேலைக்காரி ஒருத்தி கூடையோடு வெளியே வந்தாள். மூடியிருந்த துணிக்கு வெளியே ஒடிந்த இலை எட்டிப் பார்த்தது! நாடாவாவது ஒன்றாவது. பின்னாலேயே போனேன். தெருமுனையில் லெஃப்டினன்ட். நான் கையைக் காட்டினேன், அவர் ஒன்றுமே கேட்காமல் கூட நடந்தார். கூடை மில்சம் தெருவில் திருமதி பர்க்கிஸின் பலகாரக் கடைக்குள் நுழைந்தது.

"வாடகைக்கும்மா" என்றாள் திருமதி பர்க்கிஸ், ஒளிவுமறைவே இல்லாமல். "ஒரு ராத்திரிக்கு ஒரு வீடு. பாக்கலாம், மோந்து பாக்கலாம். வெட்டக் கூடாது. வெட்டினா முழு விலை. அந்தக் காசுக்கு நல்ல குதிரையே வாங்கிடலாம்."

"யார் யாரெல்லாம் எடுக்கறாங்க?"

"அதைச் சொன்னா என் பொழப்பு நாறிடும்மா."

தெருவில் நின்று இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். மார்த்தா எங்களைத் தெரியாதவள்போல் ஒதுங்கி நின்றாள். அப்புறம் இருபத்தொன்றாம் தேதி விருந்தைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன்? அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"சர் காட்ஃப்ரி நல்லவர்தான்" என்றார். பார்வையைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டு, "எனக்குக் கப்பலும் இல்ல, கண்ணாடி வீடும் இல்ல."

"அவருக்கும் கண்ணாடி வீடு இல்லையே!"

அதற்கு அவர் சிரிக்கவில்லை. தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஜாஸ்பர் கென்யனைப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். இனி அழிக்க மாட்டேன்.

பிப்ரவரி 18

அத்தையிடம் வாயைக் கொடுத்துப் பார்த்தேன். "ஒருவேளை சர் காட்ஃப்ரி பெரிய பணக்காரர் இல்லன்னா?"

"உளறாதே. அவர் மேசையில அன்னாசி இருந்துச்சா இல்லையா? ஒண்ணுமில்லாதவன் வீட்ல அன்னாசி இருக்குமா?"

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிட்டேன். சொல்லி என்ன ஆகப்போகுது? ஊரே அந்த மனுஷனைப் பார்த்துச் சிரிக்கும். எனக்கு இன்னொரு சர் யாராவது வருவார். அவ்வளவுதான். தண்ணீர் எடுத்துக் கொடுத்த மனுஷனைச் சந்தி சிரிக்க வைக்க எனக்கு மனசு வரல. கட்டிக்கவும் மனசு வரல. என்னதான் பண்றது நான்?

பிப்ரவரி 20

விருந்துக்கு வருவதாக இருந்த கர்னலுக்குக் கால் வீங்கிவிட்டது. மேசைக்குப் பதின்மூன்று பேர் ஆகிவிட்டது, பதின்மூன்று பேர் உட்கார்ந்தால் அபசகுனம் என்று அத்தை பதறினாள். "அந்தக் கப்பற்படைக்காரர் எப்பவும் சும்மாதானே இருக்கார்" என்றேன், தையலிலிருந்து தலையைத் தூக்காமலே.

பிப்ரவரி 22

ராத்திரி நடந்ததை ஆரம்பத்திலிருந்து எழுத வேண்டும். இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

அலங்காரம் முடிந்து கீழே இறங்கி வந்தேன். எங்கள் மேசை நடுவே, எங்கள் வெள்ளித் தட்டில், ஒடிந்த இலையோடு அது உட்கார்ந்திருந்தது! அத்தையா? என் அத்தையா? "காலமான என் கணவரோட தம்பி தோட்டத்துலேருந்து அனுப்பினது" என்று வந்தவர்களிடமெல்லாம் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். லெஃப்டினன்ட் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

சர் காட்ஃப்ரி உட்கார்ந்தார். பழத்தைப் பார்த்தார். கொஞ்சம் சாய்ந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். முகம் வெளிறியது. அவசரமாகச் சூப்பில் கரண்டியை விட்டார். மீனும் கறியும் வந்துபோயின. சாப்பாடு முடிந்ததும் என்னிடம் கேட்கப்போகிறார் என்று தட்டில் இருந்ததைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.

பாதிரியார் ஹஸ்கெட் ஊருக்குப் புதுசு. காது சரியாகக் கேட்காது, பசி மட்டும் நன்றாக எடுக்கும். பழம் பரிமாறும் நேரம் வந்தது. அன்னாசி அவர் எதிரேயே இருந்தது. "யாரும் வெட்டக் காணோமே, நானே வெட்டித் தர்றேன்" என்று கறி வெட்டும் கத்தியை எடுத்து ஓங்கிவிட்டார்!

"வேண்டாம்!"

இரண்டு குரல். ஒன்று அத்தை. இன்னொன்று சர் காட்ஃப்ரி. அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அதோடு விட்டாரா? "நாளைக்கு அது என் வீட்டுக்கு வரணும்!" என்று கத்தினார்.

 பாதிரியார் கத்தியைத் தூக்கியபடியே, "என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். லெஃப்டினன்ட் கென்யன் குனிந்து அவர் காதில் உரக்கச் சொன்னார்: "இன்னும் பழுக்கலையாம், ஐயா!" பாதிரியார் கத்தியை வைத்துவிட்டார்.

மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. திருமதி லாஸ்கம்ப் வாதுமையை மும்முரமாக உடைக்கத் தொடங்கினாள். ஜெனரலின் மனைவி விசிறிக்குப் பின்னால் மறைந்துபோனாள். அவர்களுக்கும் கேட்டிருக்க வேண்டும், ஆனால் எதுவுமே காதில் விழாததுபோல் இருந்தார்கள்.

அத்தையின் முகம் சிவந்து தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எழுந்தே விட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்! அத்தை அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எதிரே சர் காட்ஃப்ரியும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

அதன்பின் என்னிடம் அவர் எதுவுமே கேட்கவில்லை. அத்தையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். நான் தேநீர் கொண்டுபோனபோது, "நீங்களும் பின்வாசல் வழியாத்தான் போவீங்களா?" என்று ரகசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 23

சர் காட்ஃப்ரி வந்தார். என் எதிரே தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"மிஸ் வின்காட், என்கிட்ட கண்ணாடி வீடு கிடையாது. கூரை ஒழுகுற வீடு ஒண்ணு இருக்கு. உங்க அத்தைகிட்ட சொத்து இருக்கு, உங்களுக்கு நிறையக் கொடுப்பாங்கன்னு நினைச்சேன். மன்னிக்கணும்."

"அத்தைகிட்டயும் ஒண்ணும் இல்லையாம், சார். காலையிலதான் சொன்னாங்க."

"என்கிட்டயும் சொன்னாங்க" என்றார். முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. "பல வருஷத்துக்கு அப்புறம் முந்தாநேத்துதான் ஒருத்தர்கிட்ட பொய் சொல்லாம பேசினேன். அவங்க உள்ள இருக்காங்களா?"

உள்ளேதான் இருந்தாள். நல்ல சரிகைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

அவர் போனபின் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு லெஃப்டினன்டின் பேச்சை எடுத்தேன். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "சம்பளம் பாதிதான்" என்றாள். சரிகைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். "ஆனா அந்தப் பாதிரியார் காதுல பழுக்கலைன்னு கத்தினானே... நல்ல வேளை, அவன் இல்லன்னா என் மானம் போயிருக்கும். வந்தா வரட்டும், போ."

பிப்ரவரி 26

வரவில்லை. மழை. ஜன்னலோரத்தில்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, அதனால்தான் அங்கே உட்கார்ந்து தைக்கிறேன்.

மார்ச் 2

வந்தார். கையில் கூடை. துணியை விலக்குமுன்பே அறை முழுக்க மணம்.

நம் நண்பரேதான். உடம்பெல்லாம் பழுப்பேறி, ஒரு பக்கம் அழுந்தி, கொண்டை சரிந்து கிடந்தார். இனி எந்த மேசையிலும் நிற்காது என்று திருமதி பர்க்கிஸ் சொற்ப விலைக்குக் கொடுத்துவிட்டாளாம். லெஃப்டினன்ட் பாக்கெட்டிலிருந்து கப்பல் கத்தியை எடுத்துப் பிரித்தார்.

"வேண்டாம்!" — எதிர்ச் சோபாவிலிருந்து அத்தையும் சர் காட்ஃப்ரியும் ஒரே குரலில். பழக்கதோஷம். அப்புறம் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள்.

வெட்டினார். சாறு தரைவிரிப்பெல்லாம் வழிந்தது, அத்தை திட்டாமல் தட்டை நீட்டினாள். எனக்கு முதல் துண்டு.

பேரிக்காய் மாதிரி இல்லவே இல்லை. இனிப்பு, அப்படியோர் இனிப்பு. நான் மென்றுகொண்டிருக்கும்போது அவர் தாழ்ந்த குரலில் பேசினார். ப்ளிமத் துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். "வீடு ரொம்பச் சின்னது. அன்னாசியெல்லாம் வைக்க மேசையில இடம் இருக்காது. ஆனா கூரை ஒழுகாது." பிறகு அந்தக் கேள்வியையும் கேட்டார்.

அதற்குள் நாக்கை அறுக்க ஆரம்பித்துவிட்டது, பேச்சே வரவில்லை. சரி என்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர் சொன்னது உண்மைதான், இன்னொரு துண்டுக்குக் கை தானாக நீண்டது. அதைப் பிடித்துக்கொண்டவர் விடவே இல்லை.