ஆனந்து மாமாவின் வார்டு

12 பிப்ரவரி 2011, சனி. சிதம்பரம்.
ஜனத்தொகைக் கணக்கெடுக்க அனுப்பிரியா டீச்சர் வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்றார். மூன்று என்றேன். பாப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? "அப்பா கடலூர் ஜெயில்ல இருக்காரு டீச்சர்."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "உள்ள இருக்கறவங்கள அங்கியே எண்ணிடுவாங்க ஜெயராணி. இங்கயும் எழுதுனா ரெண்டு தடவ ஆயிடும்."

"அவரு தட்டு இங்கதான டீச்சர் இருக்கு?"

"தட்ட எண்ண மாட்டாங்கம்மா. தலையத்தான் எண்ணுவாங்க. அத வச்சுத்தான் வார்டு பிரிக்கறது, பணம் ஒதுக்கறது எல்லாம்."

ரெண்டு என்று எழுதிக்கொண்டு போனார். ஆனந்து மாமாவின் அடிதடி கேஸ் இன்னும் விசாரணைக்கே வரவில்லை. அதற்குள் என் புருஷனை என் வீட்டிலிருந்து கழித்தாயிற்று. டீச்சர் மேல் கோபமில்லை. வேறு யார் மேல்தான் படுவது?

14 பிப்ரவரி
ரவிக்கை தைக்கும்போது ஊசி உடைந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேர்தான். யார் என்ன எழுதினால் எனக்கென்ன.

23 பிப்ரவரி
மனு போட்டு மாமாவைப் பார்த்தேன். இளைத்திருக்கிறார். டீச்சர் கதையைச் சொன்னதும் சிரிக்கிறார், பாவி மனுஷன். "இங்க எங்கள எண்ணியாச்சு புள்ள. நான் இப்ப கடலூர்க்காரன்."

"அப்ப ஓட்டு?"

"அது மட்டும் கெடையாது."

திரும்பும்போது பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பொட்டு நிழல் இல்லை. வெயிலில் பாப்பா வாந்தி எடுத்து என் தோளிலேயே சாய்ந்துவிட்டாள். என்னைப் போல இன்னும் எத்தனை பொம்பளைகள், கைப்பிள்ளைகளோடு! இவர்களுக்காக யார் கேட்பார்கள்?

13 ஏப்ரல்
ஓட்டுப் போட்டேன். மாமாவுக்கு இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

9 நவம்பர்
இன்று துணிந்துவிட்டேன். ஜெயில் இருக்கும் வார்டுக்குப் புதுக் கவுன்சிலர் உத்திராபதி. நேரே அவர் வீட்டுக்கே போனேன்.

"நீ எந்த வார்டும்மா?"

"நான் சிதம்பரங்க. எங்க வீட்டுக்காரரு உங்க வார்டு."

"எந்தத் தெரு?"

"ஜெயிலு."

அவர் முகத்தைப் பார்க்கணுமே! "அவுங்களுக்கு ஓட்டு இல்லியேம்மா" என்றார்.

"தல இருக்குதுல்ல? நாளைக்கு வார்டு பிரிக்கறப்ப அவுங்க தலயும் உங்க கணக்குலதான சேரும்? பாக்க வர்றவங்களுக்கு பஸ் நிக்கற எடத்துல ஒரு கொட்டாய் போட்டுக் குடுங்கண்ணே."

அவர் மனைவி பாப்பாவுக்கு மோர் கொடுத்தார். "பாக்கலாம்" என்றார் உத்திராபதி கடைசியில். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்த வாய்!

8 பிப்ரவரி 2012
கொட்டகை போட்டிருக்கிறார்கள். தகரக் கூரைதான். இருந்தால் என்ன, நிழல் நிழல்தானே. அதன் கீழே நின்று அழுதேன். மாமாவிடம் சொன்னபோது அவருக்கும் கண் கலங்கியது.

7 ஜூன்
விடுதலை! கேஸ் நிற்கவில்லை. மாதாவே, உனக்குக் கோடி நன்றி. ராத்திரி மாமாவின் தட்டைத் தேய்த்துக் கழுவிச் சோறு போட்டேன். சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பிடு மாமா" என்றேன்.

18 ஆகஸ்ட்
"கடலூர் போலாம் வா, அந்தக் கொட்டாயப் பாக்கணும்" என்று ஒரே பிடிவாதம். "அந்தப் பக்கம் தலவச்சுக்கூடப் படுக்க வேணாம்" என்று சண்டை போட்டேன். கேட்டால்தானே.

கொட்டகையில் ஒருத்தி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். "தண்ணி எங்கக்கா கெடைக்கும்?" என்றாள். எங்கள் பாட்டிலைக் கொடுத்தேன். மாமா சுற்றும்முற்றும் பார்த்தார். நேரே உத்திராபதி வீட்டுக்கு நடந்தார். நானும் பாப்பாவும் பின்னாலேயே ஓடினோம்.

"யாருப்பா?"

"உங்க வார்டுதாண்ணே. வெளிய வந்துட்டேன், ஆனா அடுத்த கணக்கு எடுக்கறவரைக்கும் என்னை இங்கதான் எண்ணி வச்சிருக்காங்க. கொட்டாய்க்குப் பக்கத்துல ஒரு கொழாய் வேணும்."

உத்திராபதி எட்டிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, குடும்பமே இப்பிடித்தானா?"

"ஆமாண்ணே" என்றேன். "மூணு பேரும்."