பட்டியலில் அப்பாவுக்குக் கடைசி இடம்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, முதுகுவலி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடியும், ஏனென்றால் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்கிற ஒரே பதிலைத்தான் நீ வருஷக்கணக்கில் சொல்லி வருகிறாய். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் பாதியிலேயே சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் உட்கார்ந்து முழுசாகப் படி.

உன் பட்டியல் வந்து சேர்ந்தது, ஊரே பார்த்துவிட்டது. நகரத்தில் இருக்கிற அரசுப் பள்ளிக்கூடங்கள் நாற்பத்திரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தேர்ச்சி, வருகை, கழிப்பறை என்று வரிசையாகப் புள்ளிவிவரம் போட்டு, பச்சை மஞ்சள் சிவப்பு என்று வர்ணமும் அடித்து நீ வெளியிட்ட அன்றைக்கு உன் அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தலைமை ஆசிரியர் என்பதையே மறந்துவிட்டு, ஆசிரியர்கள் அறையில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, எம்பையன் செஞ்சது, எம்பையன் செஞ்சது என்று திரையில் போட்டு மேலிருந்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாராம். முதலிடம் மணிக்கூண்டுப் பள்ளி என்றதும் கைகூடத் தட்டினாராம். பத்து போச்சு, இருபது போச்சு, முப்பதும் போச்சு, நம் பள்ளிக்கூடத்தைக் காணோம். கணக்கு டீச்சர் மெதுவாக, சார் இத்தோட நிறுத்திக்கலாமே, டீ ஆறுது, என்று சொல்லிப் பார்த்திருக்கிறார், கேட்டால்தானே. கடைசி வரியில் செக்கச் செவேலென்று கால்வாய்க்கரைப் பள்ளி. உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பாத்தீங்களா, பெத்த அப்பன்னுகூடப் பாக்காம போட்டிருக்கான், என்றாராம். அதையும் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யட்டும், நீயே சொல்.

உன்னைக் குறை சொல்ல மாட்டேன், கடைசி இடத்துக்கு வேண்டிய பாடுகளை எல்லாம் அவரே பட்டு வைத்திருக்கிறார். கல்வி அலுவலகப் படிவத்தில் பயன்பாட்டில் உள்ள கழிப்பறைகள் எத்தனை என்று கேட்டால் மற்றவர்கள் கதவை எண்ணி எழுதுகிறார்கள். உன் அப்பா காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாக உள்ளே போய்த் தண்ணீரை இழுத்துவிட்டுப் பார்த்து, வராததைக் கழித்துவிட்டு எழுதுகிறார். மழை பெய்து பாதிப் பிள்ளைகள் வரவில்லை என்றால் பாதி என்றே பதிகிறார், மற்றப் பள்ளிகளில் எந்த மழையிலும் எல்லாப் பிள்ளைகளும் வந்துவிடுகிறார்கள், அந்தப் பகுதிகளில் மழை பெய்வதே இல்லை போலிருக்கிறது. நான் வேலை செய்கிற ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் பார்க்கிறேனே, நாளைக்குச் சர்க்கரை டெஸ்ட் என்றால் இரண்டு நாள் இனிப்பைத் தொடாமல் வந்து கையை நீட்டுகிறவர்கள் உண்டு. உன் அப்பா ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமைத் தின்றுவிட்டு நேராக வந்து நீட்டுகிற ரகம்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. அவரைப் பாதாளத்துக்குத் தள்ளியது தேர்ச்சி விகிதம். அது எப்படி விழுந்தது என்று உனக்குத் தெரியுமா. மணிக்கூண்டுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் படிப்பு வராத பிள்ளை என்று தெரிந்தால், பத்தாம் வகுப்புப் பொதுப் பரீட்சைக்குப் பேர் கொடுப்பதற்கு முன்னால் பெற்றவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, உங்க பிள்ளைக்கு இந்த இடம் ஒத்துவரலை, வேற இடத்துல நல்லா வருவான், என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வேறு இடம் என்றால் எது, இரண்டு தெரு தள்ளி நம் கால்வாய்க்கரைதான். உன் அப்பாவுக்கு இல்லை என்ற சொல் வாயில் வராதே. போன வருஷம் மட்டும் முப்பத்தொரு பேரைச் சேர்த்துக்கொண்டார். அவர்களில் பாதிப் பேர் தேறினார்கள், அதற்கே அவர் ஊரெல்லாம் சாக்லேட் கொடுத்தார். தேறாத பாதி நம் கணக்கில் விழுந்தது. அங்கே அந்தப் பிள்ளைகள் இல்லாததால் மணிக்கூண்டு பச்சை, இங்கே அவர்கள் இருப்பதால் நாம் சிவப்பு.

அதோடு போயிருந்தால் நான் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். கல்வி அலுவலகத்துக்காரர்களுக்கு உன் பட்டியல் ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. பட்டியலில் கடைசியாக வந்த பள்ளியை அடுத்த வருஷத்திலிருந்து பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடலாம் என்று உத்தேசமாம், மாதக் கடைசியில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். பக்கத்துப் பள்ளி என்றால் மணிக்கூண்டு. விரட்டப்பட்ட பிள்ளைகள் எல்லாம் விரட்டின இடத்துக்கே திரும்பிப் போக வேண்டும்.

இதில் நம்மைவிட அதிகமாக ஆடிப்போனவர் யார் தெரியுமா, முதலிடத்துத் தலைமை ஆசிரியர். நாம் இஸ்திரி என்று கூப்பிடுவோமே, சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காதே, அவரேதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சட்டையெல்லாம் கசங்கி நம் வீட்டு வாசலில் வந்து நின்றார், எனக்கு அடையாளமே தெரியவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, சார் நீங்க எப்படியாவது உங்க ஸ்கூலக் காப்பாத்திடணும் சார், என்கிறார். எதுக்கு சார் இவ்வளவு அக்கறை என்று உன் அப்பா கேட்டதற்கு, அவங்க எல்லாரும் எங்கிட்ட வந்துட்டா நான் அடுத்த வருஷம் பட்டியல்ல எங்க சார் இருப்பேன், என்று மனுஷன் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, இந்த வருஷப் படிவத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று உன் அப்பாவுக்குப் பாடம் எடுத்தார், கழிப்பறையில் ஆரம்பித்து வருகை வரைக்கும். நானும் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டு, நல்லதுதானே சொல்கிறார், இந்த ஒரு தடவை கேட்டால் குடிமுழுகிப் போய்விடாதே என்று நினைத்தேன், பொய் சொல்வானேன். உன் அப்பா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு, சார் எனக்கு இவ்வளவு கற்பனை வராது, நீங்க ஒண்ணு செய்யுங்க, இந்த வருஷம் யாரையும் அனுப்பாம வச்சுக்குங்களேன், என்றார். இஸ்திரி பிஸ்கட்டைக்கூடக் கடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை ஒரு பெண் உன் அப்பாவின் அறை வாசலில் வந்து நின்றிருக்கிறாள். லாரி ஓட்டுகிறவரின் மகள், பத்தாம் வகுப்பு, மணிக்கூண்டு அனுப்பி வைத்த முப்பத்தொரு பேரில் ஒருத்தி, ஒரு தடவை தவறிவிட்டு மறுபடி எழுதப் படித்துக்கொண்டிருக்கிறாள். அங்கயே திரும்பப் போகணும்னா நான் படிக்கவே வரலை சார், அவங்க என்னப் பாத்துச் சொன்னதெல்லாம் இன்னும் காதுல இருக்கு, என்றாளாம். அழவில்லையாம், சாதாரணமாகச் சொன்னாளாம். உன் அப்பா இதைச் சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது தம்பி. உன் மேல் எரிந்ததா, அலுவலகத்தின் மேல் எரிந்ததா என்று கேட்காதே, எல்லார் மேலும்தான்.

இனி நீ புதன்கிழமை எனக்குத் தனியாகப் போன் செய்த கதைக்கு வருகிறேன். அம்மா, அப்பா ஸ்கூலை மட்டும் பட்டியல்லேர்ந்து எடுத்துடவா, யாருக்கும் தெரியாது, அப்பாகிட்ட சொல்லாதே, என்றாய். பிள்ளைக்கு இவ்வளவு பாசமா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கின கண்ணோடு போய் முதல் காரியமாக அப்பாவிடம் சொல்லிவிட்டேன். என்னிடம் ரகசியம் சொல்கிறாயே, உனக்கு என்னைத் தெரியாதா. அவர் கோபப்படவில்லை. என்னோடத எடுத்துட்டா அப்புறம் கடைசியில யாரு இருப்பா, மேட்டுத்தெரு ஸ்கூல், அந்த டீச்சரம்மா என்ன பாவம் பண்ணாங்க, என்று கேட்டார். உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

அதனால் எதையும் எடுக்காதே. எடுக்கத்தான் வேண்டாம், சேர்க்கலாம் அல்லவா. அந்தப் படிவத்தில் வெளியிலிருந்து வந்த மாணவர் எத்தனை, வெளியே போன மாணவர் எத்தனை என்று இரண்டு கட்டம் இருக்கிறதாமே. அதை யாரும் பார்ப்பதில்லை என்பதால் எல்லாரும் அதில் மட்டும் உண்மையை எழுதுகிறார்களாம், இஸ்திரி உட்பட. நீயும் பார்க்கவில்லை. இவ்வளவு படித்து, இவ்வளவு பெரிய திரையை வைத்துக்கொண்டு, பச்சைக்கு எந்தப் பச்சை என்று மூன்று நாள் யோசித்ததாகச் சொன்னாயே, அதில் அரை நாளை இந்தக் கட்டத்துக்குக் கொடுத்திருக்கலாம். எந்தப் பள்ளியிலிருந்து எத்தனை பேர் கிளம்பினார்கள், எந்தப் பள்ளி வாங்கிக்கொண்டது என்று ஒரு வரிசை போடு. எந்த வர்ணம் வேண்டுமானாலும் அடித்துக்கொள். அதற்குப் பிறகும் அப்பா கடைசியிலேயே இருந்தால் இருக்கட்டும், நான் வாய் திறக்க மாட்டேன்.

மற்றபடி வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. மாடியில் ஒழுகின இடத்தைக் கொத்தனார் வந்து பார்த்தார், பார்த்துவிட்டுப் போனார். உன் அக்கா அடுத்த வாரம் வருகிறாள், உன் அலமாரியைக் காலி பண்ணப் போகிறாளாம், வேண்டியதை இப்போதே சொல்லிவிடு. குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே, காதை மூடிக்கொள். உட்கார்ந்தே இருக்காதே, மணிக்கு ஒரு தடவை எழுந்து நட.

கூட்டத்துக்கு அப்பாவோடு நானும் போகிறேன், லீவு சொல்லிவிட்டேன். நம் பள்ளி எவ்வளவு பேரைக் கரையேற்றியது என்று நாமே ஒரு காகிதம் தயார் பண்ணிக்கொண்டு போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். வேண்டாம் என்கிறார். உன் பட்டியலைத்தான் எடுத்துக்கொண்டு போவாராம். எம்பையன் போட்டது தப்பில்லை, பாதிதான் போட்டிருக்கான், மீதியையும் போடுவான், என்கிறார்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், எடுத்த வேலையெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும். கூட்டம் இந்த மாதத்தின் கடைசி வேலைநாள் காலையில், அதற்கு முன்னால் போட்டுவிடு. நாங்கள் வீட்டை விட்டுக் கிளம்புகிறபோது அவர் கையில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு, உன்னையும் உன் அப்பாவையும் ஒரே தலையில் கட்டிக்கொண்ட,
அம்மா